பாக்கி கேட்கப் போன இடத்தில் ஒரு காபி

நான் எழுத்தாளன் அல்ல. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பருப்பு, சர்க்கரை, ரவை மொத்த வியாபாரம் செய்பவன். 1977-ல் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு அப்பாவின் கடையில் சாக்கு பிரிக்க உட்கார்ந்தவன், இன்னும் எழுந்திருக்கவில்லை. பேரேட்டைத் தவிர வேறு எதிலும் நாலு பக்கம் சேர்ந்தாற்போல் எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் 2024 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பார்த்ததை நம்மவர்கள், முக்கியமாக மளிகைக் கடைக்காரர்கள், தெரிந்துகொண்டால் நல்லது என்று பட்டதால் எழுதுகிறேன்.

அழகாபுரம் பக்கம் ஒரு குறுக்குத் தெருவில் எனக்கு ஒரு வாடிக்கையாளர். மளிகைக் கடை. 27 வருடம் என்னிடம் சரக்கு எடுத்தவர். அந்த 27 வருடத்தில் திங்கட்கிழமை பணம் தவறியது நாலைந்து தடவை இருக்கும். அப்படிப்பட்டவர் 2021 செப்டம்பரிலிருந்து தடுமாறினார். கொரோனா ஊரடங்கில் நம் கடைகளைத் தேடி வந்த ஜனங்கள், கதவு திறந்ததும் குளிர்சாதனக் கடைக்கும் போனில் ஆர்டர் போடும் பழக்கத்துக்கும் போய்விட்டார்கள் அல்லவா, அந்த அடி அவருக்குப் பலமாக விழுந்தது. டிசம்பர் வரை நாலு மாதத்துச் சிட்டைகள் சேர்ந்து 1,84,600 ரூபாய் பாக்கி நின்றது. 2022 ஜனவரியில் கடன் சரக்கை நிறுத்திவிட்டேன். அதைக்கூட நேரில் போய்ச் சொல்லவில்லை. கடைப் பையனை விட்டு, "இனிமே ரொக்கம்னா தான் ஏத்துவாங்களாம்" என்று போனில் சொல்ல வைத்தேன். அது என் தப்பு.

அதன்பிறகு அவர் என்னிடம் வரவில்லை. கல்யாண வீடுகளில் கண்ணில் பட்டால் பந்தி மாறி உட்கார்ந்தார். இரண்டரை வருடம் இப்படியே ஓடியது. பிறகு ஒரு தரகர் வந்து சொன்னார்: "உங்க அழகாபுரத்துப் பார்ட்டி கடையில பாதியை இடிச்சுட்டு கஃபே வச்சிருக்காருங்க. பொண்ணு தான் பாக்குது. நாற்காலி, மேசை எல்லாம் போட்டு ஜோரா இருக்குது." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் துவரம்பருப்பு அங்கே நாற்காலியாக நிற்கிறது என்றுதான் நினைத்தேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்லவேண்டும். நம்மில் பலருக்கு இது சரியாகத் தெரியாது. எனக்கும் வக்கீல் சொல்லித்தான் தெரிந்தது. கடனுக்குக் கொடுத்த சரக்குக்கு வழக்குப் போட மூன்று வருடம்தான் கெடு. 1963-ம் வருடத்துக் காலவரையறைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. கெடு முடியுமுன் கடன்பட்டவர் பாக்கியை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்துப் போட்டால் அந்தத் தேதியிலிருந்து மறுபடி மூன்று வருடம். ஒரு பகுதிப் பணம் கொடுத்து, அதை அவர் கைப்பட எழுதியோ கையெழுத்திட்டோ கொடுத்தாலும் அப்படியே. நம் பேரேட்டில் நாமே எழுதிக்கொள்வது போதாது. எதிராளி கையெழுத்து வேண்டும். என் முதல் சிட்டை 2021 செப்டம்பர். 2024 செப்டம்பர் பிறந்தால் ஒவ்வொரு சிட்டையாகச் செத்துக்கொண்டே வருமோ என்று பயந்தேன். ஆகவே வக்கீலுக்கு 1,500 ரூபாய் கொடுத்து நோட்டீஸ் தயார் செய்துவிட்டேன். அனுப்புவதற்கு முன் ஒரு தடவை நேரில் பார்த்துவிடலாம் என்று மஞ்சள் பையில் அதை மடித்து வைத்துக்கொண்டு கிளம்பினேன். வீட்டில் அவளும் வருகிறேன் என்றாள். வரட்டும், கோபம் அளவோடு இருக்கும் என்று அழைத்துப் போனேன்.

நாங்கள் போனபோது மணி பத்தரை. டிபன் நேரம் போய்விட்டது, சாப்பாட்டு நேரம் வரவில்லை. இந்நேரத்தில் யார் வருவார்கள் என்று நினைத்து உள்ளே போனால் உட்கார இடமில்லை! வேப்பமரத்தடி பெஞ்சில் கால் மணி நேரம் காத்திருந்தோம். இந்தக் காலத்துக் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமை எட்டரைக்கு எழுந்து, காலைப் பலகாரத்தையும் மதியச் சாப்பாட்டையும் ஒன்றாக்கி பதினோரு மணிக்கு ஒரே வேளையாகச் சாப்பிடுகிறார்கள். அதற்கு பிரஞ்ச் என்று பெயராம். பெயர்தான் புதிது. விடியற்காலை நாலு மணிக்கு லாரி வந்து, மூட்டை இறக்கி, எடை பார்த்து, பத்தரை மணிக்குக் கைகழுவி காபி கிளப்பில் கிச்சடி சாப்பிட்ட நமக்கு இது தெரியாததா? எங்கள் பஜாரில் அப்போது இருந்த காபி கிளப்பில் தரகர், வியாபாரி, லாரிக்காரர் எல்லோரும் ஒரே பெஞ்சில்தான். துண்டைப் போட்டு விரல் பிடித்து விலை பேசியதையும் அங்கே பார்த்திருக்கிறேன். அந்த இடத்தில் இன்று செல்போன் உறை விற்கிறார்கள்.

நிற்க. கடையைச் சொல்கிறேன். பழைய மளிகைக் கடையின் முன்பாதியில் நாலு மேசை, பதினான்கு நாற்காலி. மேசைப் பலகை எல்லாம் பழைய அலமாரித் தட்டுகள். இழைத்து மெருகு போட்டிருக்கிறார்கள். ஒரு தட்டின் ஓரத்தில் "ப.பருப்பு" என்று பெயிண்டில் எழுதியது அப்படியே இருக்கிறது. சுவரில் அவருடைய அப்பா காலத்துத் தராசு தொங்குகிறது. கண்ணாடியும் இல்லை, ஏசியும் இல்லை. இரண்டு மின்விசிறி, நல்ல வெளிச்சம், சுத்தமான தரை. பின்பாதியில் மளிகை அப்படியே நடக்கிறது. நண்பர் அங்கே நின்று ஒரு பையனுக்குச் சீரகம் நிறுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கை அப்படியே நின்றது. "வாங்கண்ணா" என்றார். அதற்கு மேல் அவருக்கும் வார்த்தை வரவில்லை, எனக்கும் வரவில்லை. "முதல்ல உக்காருங்க" என்று சொல்லிவிட்டுத் தராசைப் பார்த்துக்கொண்டார்.

மகள் வந்தாள். சின்ன வயதில் எங்கள் கடையில் சர்க்கரை மூட்டை மேல் ஏறி விளையாடிய பெண். கல்லூரி முடித்து இரண்டு வருடம் பெங்களூரில் கம்பெனி வேலை பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். அங்கேதான் 1996-ல் பிரிகேட் ரோட்டில் கஃபே காபி டே முதல் கடை திறந்தார்கள். அந்த ஊரில் காபிக் கடைக்குப் போய் உட்காருவது ஒரு பழக்கமாகிவிட்டது. "ஆனா நான் அதைக் காப்பி அடிக்கலைங்க பெரியப்பா. அவ்வளவு காசுக்கு நம்ம தெருவுல யாரு குடிப்பாங்க?" என்றாள். பட்டியலில் நாலே பலகாரம். ரவா கிச்சடி, அடை, குழிப் பணியாரம், பன் பட்டர் ஜாம். அப்புறம் காபி. டீகூட இல்லை. தெருமுனை டீக்கடைக்காரரோடு போட்டி வேண்டாம் என்று விட்டுவிட்டாளாம்.

கிச்சடியும் அடையும் எனக்கு, பணியாரம் வீட்டம்மாவுக்கு. அடையோடு வெண்ணெயும் ஒரு வெல்லத் துண்டும் வைத்தார்கள். நான் பருப்பு வியாபாரி. வாயில் போட்டதும் தெரிந்துவிட்டது, இது முழுப் பருப்பு அல்ல, குருணை. நம் மளிகைக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், ஒவ்வொரு மூட்டைக்கும் அடியில் நிற்கும் குருணையை என்ன செய்கிறீர்கள் என்று. பாதி விலைக்குத் தள்ளுவோம், அல்லது மாட்டுக்குப் போகும். அடைக்கு எப்படியும் ஊறவைத்துக் கொரகொரப்பாக அரைக்கத்தானே போகிறோம், உடைந்திருந்தால் என்ன? துவரை, கடலை, உளுந்து மூன்றின் குருணையும் சலித்துக் கல் பொறுக்கி அடைக்குப் போகிறது. "பூச்சி விழுந்தது, தேதி போனது எதையும் சமையல்ல சேர்க்கிறதில்லைங்க. ஒருநாள் அதைச் செஞ்சா ரெண்டு கடையும் போயிரும்" என்றாள், நான் கேட்காமலே.

இனி காபி. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மில் பாதிப்பேர் காபித்தூள் விற்கிறோம், கால்வாசிப் பேருக்குக்கூட அதைப்பற்றித் தெரியாது. நமக்கு ஏற்காடு பக்கத்தில் இருக்கிறது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற வெள்ளைக்காரர் அங்கே காபிச் செடியைக் கொண்டுவந்து வைத்தார். முன்பெல்லாம் தோட்டக்காரர் கொட்டையைக் காபி போர்டிடம்தான் ஒப்படைக்கவேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி 1996-ல் முழுவதும் விட்டுவிட்டார்கள். அதனால்தான் இன்று அழகாபுரத்துப் பெண் ஏற்காட்டுச் சிறு தோட்டக்காரரிடம் நேராக வாங்க முடிகிறது. பீபெரியும் பிளாண்டேஷன் 'ஏ'யும் கலந்து வாங்குகிறாள். பழத்துக்குள் இரண்டு கொட்டைக்குப் பதில் ஒன்றே ஒன்று உருண்டையாக விளைந்தால் அது பீபெரி. உருண்டையாக இருப்பதால் வறுக்கும்போது நன்றாக உருண்டு ஒரே சீராக வறுபடும். வறுத்து வந்த கொட்டையைக் காற்றுப் புகாத டின்னில் வைத்து, அன்றன்றைக்கு வேண்டிய அளவுதான் அரைக்கிறாள். அரைத்த தூளில் மணம் நாளுக்கு நாள் ஓடும். கொட்டையில் அவ்வளவு சீக்கிரம் ஓடாது. நாம் பெரிய டின்னில் வாங்கி வைத்து மாதக்கணக்கில் கரண்டியால் அள்ளிப் போடுகிறோமே, அதில் கடைசிக் கிலோ வெறும் நிறம்தான்.

நூற்றுக்கு 20 சிக்கரி சேர்க்கிறாள். சிக்கரி காபியே அல்ல. குஜராத்தில் ஜாம்நகர் பக்கமும் உத்தரப் பிரதேசத்திலும் விளையும் ஒரு கிழங்கு வேர். வறுத்து அரைத்தால் டிகாக்‌ஷனுக்கு நிறமும் கெட்டியும் தரும். அளவோடு இருந்தால் பாலோடு நன்றாகச் சேரும். பெரிய பித்தளை பில்டரில் மொத்தமாக இறக்கி நாள் முழுதும் வைப்பதில்லை. இரண்டு மணிக்கு ஒருதரம் சின்னதாக இறக்குகிறாள். முதல் டிகாக்‌ஷன் மட்டும். ஆறியதை மறுபடி சுடவைப்பது கிடையாது. பித்தளை டபரா செட்டில் நுரையோடு வந்தது. ஒரு வாய் குடித்தேன். எங்கள் பஜார் காபி கிளப் ஞாபகம் வந்துவிட்டது. வந்த வேலை ஒரு நிமிடம் மறந்தே போய்விட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இன்னொரு காபி கேட்க நினைத்து, கடன்காரன் வீட்டில் இரண்டாவது காபியா என்று பேசாமல் இருந்தேன்.

நான் காபி குடித்துக்கொண்டு கல்லாவை எண்ணிக்கொண்டிருக்க, வீட்டம்மா வேறு ஒன்றைக் கவனித்திருக்கிறாள். "பாத்தீங்களா, பாதிக்கு மேல பொம்பளைங்க. தனியா வந்து உக்காந்து பேப்பர் படிக்கிறாங்க. யாரும் திரும்பிப் பாக்கலை. கழிப்பறை சுத்தமா இருக்குது" என்றாள். அதே பெண்கள் எழுந்து போகும்போது பின்பாதிக்குப் போய், கால் கிலோ தனியா, ஒரு பாக்கெட் ரவை, நூறு கிராம் காபித்தூள் என்று கையில் எடுத்துக்கொண்டு போகிறார்கள். விளம்பரம் இல்லை, தள்ளுபடி இல்லை. குளிர்சாதனக் கடைக்குப் போன வாடிக்கை ஒரு டம்ளர் காபிக்காகத் திரும்பி வந்திருக்கிறது.

சாப்பிட்டு முடித்ததும் பில் வந்தது. இரண்டு காபி 50, கிச்சடி 50, பணியாரம் 50, அடை 60. ஆக 210 ரூபாய். நண்பர் பதறிப்போய் ஓடிவந்து, "அண்ணங்கிட்ட பில்லா கொடுக்கறே?" என்று அதட்டினார். பெண் நகரவில்லை. "கணக்குன்னா கணக்கு தானேங்க பெரியப்பா" என்றாள். நான் 210-ஐ எண்ணிக் கொடுத்தேன். உண்மையைச் சொன்னால், அந்த நிமிடத்தில்தான் என் பணம் வந்துவிடும் என்ற நம்பிக்கை எனக்குப் பிறந்தது. அவள் அப்பா நல்லவர். ஆனால் வருகிறவர்களுக்கெல்லாம் சும்மா கொடுத்தே பாதி அழிந்தவர்.

பிறகு அவளே ஒரு நோட்டை எடுத்து வந்தாள். காபி அடக்கம் எழுதியிருந்தது. கலவைத் தூள் அன்றைக்குக் கிலோ 560 ரூபாய் அடக்கம், ஒரு காபிக்கு 10 கிராம், 5.60. பால் 100 மில்லி, 5.60. சர்க்கரை 10 கிராம், 44 காசு. ஆள் கூலி, கேஸ், கழுவுகிற செலவு சேர்த்து 5 ரூபாய். ஆக 16 ரூபாய் 64 காசு, விற்பது 25. வாடகை இல்லை, சொந்தக் கட்டடம். அதை அவள் லாபமாகக் கருதவில்லை என்பது எனக்குப் பிடித்தது: "வாடகை கொடுத்திருந்தா இந்தக் கடை நிக்காதுங்க." மேசை நாற்காலிக்கு ஆனது அவளுடைய பெங்களூர் சேமிப்பு. என் பருப்பு அல்ல. நோட்டின் கடைசிப் பக்கத்தில் தலைப்பு, "செவ்வாய்ப்பேட்டை பாக்கி". கடை திறந்த நாலாவது மாதத்திலிருந்து நாளுக்கு 200, 300 என்று எடுத்து வைத்து 10,000 ரூபாய் சேர்ந்திருந்தது. "கொஞ்சம் பெரிய தொகையா சேர்ந்தப்புறம் வந்து கொடுக்கலாம்னு அப்பா சொன்னாருங்க. வெறுங்கையோட உங்க முகத்துல முழிக்க மாட்டேன்னாரு."

நான் பையைத் திறக்கவில்லை. நண்பரை உட்காரவைத்து, போனில் ஆளை விட்டுச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். 10,000-ஐ வாங்கிக்கொண்டு, அவள் நோட்டிலேயே ஒரு தாளைக் கிழித்து, மொத்தப் பாக்கி 1,84,600, இன்று கொடுத்தது 10,000, நிற்பது 1,74,600 என்று நண்பர் கைப்பட எழுதித் தேதியோடு கையெழுத்து வாங்கினேன். அன்பு ஒரு பக்கம், காலக்கெடு ஒரு பக்கம். இனி வாரம் 2,100 என்று பேச்சு. வட்டி கேட்கவில்லை.

பெரியவன் என்ற உரிமையில் மூன்று குறையும் சொன்னேன். நூறு கிராம் காபித்தூள் பாக்கெட்டில் ஒரு எழுத்தும் இல்லை. சிக்கரி கலந்த காபியில் காபி நூற்றுக்கு 51-க்குக் குறையக் கூடாது, சிக்கரி 49-ஐத் தாண்டக் கூடாது, எது எத்தனை என்று பாக்கெட்டில் அச்சிடவேண்டும். 20 தான் சேர்க்கிறோம் என்பது வாய்ப்பேச்சு. அதிகாரி பாக்கெட்டைத்தான் பார்ப்பார். இரண்டாவது, உணவுப் பாதுகாப்புப் பதிவு மளிகைக்கு எடுத்தது. சமையலையும் அதில் சேர்க்கவேண்டும். மூன்றாவது வரி. தொகுப்பு வரித் திட்டத்தில் இருப்பதால் பில்லில் ஜி.எஸ்.டி. வாங்கவில்லை, அது சரி. ஆனால் அந்தத் திட்டத்தில் மளிகைக்கு நூற்றுக்கு 1, உணவகத்துக்கு 5. இரண்டும் ஒரே கூரையின் கீழ் வரும்போது கணக்கரைக் கேட்காமல் செய்யக்கூடாது. சிலிண்டர் மட்டும் நீல நிறம், கடைக்குரிய 19 கிலோ. அதில் குறை சொல்ல இடமில்லை.

2025 தொடக்கத்தில் அவளுக்கு ஒரு சோதனை வந்தது. உலகச் சந்தையில் காபி அதுவரை காணாத விலைக்குப் போனது. பிப்ரவரியில் அராபிகா பவுண்டு 4 டாலரைத் தாண்டியது. அவளுடைய தூள் அடக்கம் கிலோ 700-ஐத் தாண்டிவிட்டது. பலபேர் இந்தச் சமயத்தில் சிக்கரியைக் கூட்டிச் சமாளித்தார்கள். நானாக இருந்தால் விலையை 30 ஆக்கியிருப்பேன். அவள் 27 ஆக்கினாள். ஒரு காபிக்கு ஒன்றரை ரூபாய் ஏறியது, இரண்டு ரூபாய் ஏற்றினேன் என்று கரும்பலகையில் கணக்கை எழுதியே வைத்துவிட்டாள். சில்லறைக்கு எங்கே போவாய் என்றேன். எல்லாரும் போனில்தான் கொடுக்கிறார்கள் என்றாள். அது எனக்குத் தோன்றவில்லை.

இதைக் கேள்விப்பட்டு இரண்டு மூன்று மளிகைக்காரர்கள் நாங்களும் வைக்கலாமா என்று என்னிடம் கேட்டார்கள். எல்லோரும் வைக்க வேண்டிய கடை அல்ல இது. என் வாடிக்கையாளர் இன்னொருவர் ஒன்பது லட்சம் கடன் வாங்கி, கண்ணாடியும் விளக்குமாக மாதம் 35,000 வாடகையில் கஃபே திறந்தார். அவருக்குக் காபி போடத் தெரியாது. போடத் தெரிந்த ஆளுக்குச் சம்பளம் கொடுத்தார். எட்டாவது மாதம் நாற்காலிகளை ஏலத்தில் விட்டார். சொந்த இடம் இருந்து, வீட்டில் ஒருவர் அடுப்படியில் நிற்கத் தயாராக இருந்தால் யோசியுங்கள். அதுவும் நாலு பலகாரத்துக்கு மேல் வேண்டாம்.

வக்கீலுக்குக் கொடுத்த 1,500-ஐ எந்தத் தலைப்பில் எழுதுவது என்று வருடக் கடைசியில் கணக்குப்பிள்ளை கேட்டார். நோட்டீஸ் இன்னும் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. காபிச் செலவு என்று எழுதச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு வக்கீல் செலவு என்றே எழுதினார்.

இதுவரை 70 வாரத் தவணை வந்திருக்கிறது. நண்பர் கண் அறுவைச் சிகிச்சைக்குப் படுத்த சமயம் சில வாரம் தவறியது. நான் கேட்கவில்லை, அவளே முன்கூட்டிச் சொல்லிவிட்டாள். நிற்கும் பாக்கி 27,600 ரூபாய். நேற்று போன் செய்து 30 கிலோ உளுந்து மூட்டை இரண்டு கேட்டாள், ரொக்கத்துக்கு. கூடவே, துவரைக் குருணை எங்கள் கிடங்கில் எவ்வளவு நிற்கிறது என்றும் விசாரித்தாள்.